தங்கப்பதக்கம் போன இடம்

கணக்கு டீச்சரைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் இல்லை. சிடுமூஞ்சி என்று பெயர் வாங்கியிருந்தாலும் பிள்ளைகளுக்கு அவரிடம் ஒரு ஒட்டுதல். பள்ளியில் பரிசளிப்பு விழா என்றால் மட்டும் அவருக்குத் தலைவலி வந்துவிடும், லீவு சொல்லிவிடுவார்.

டீச்சராவதற்கு முன், கல்லூரியில் படித்த மூன்று வருடமும் அவளை முந்த ஆளில்லை. கடைசித் தேர்வன்று விடியும்போது ஆஸ்பத்திரியில் அம்மா போய்விட்டாள். அந்தத் தாளை மறுதேர்வில்தான் எழுதினாள். கூட்டிப் பார்த்தால் கல்லூரியிலேயே அவளுக்குத்தான் அதிக மதிப்பெண். ஆனால் எல்லாத் தாளையும் முதல் தடவையிலேயே எழுதித் தேறியவர்களுக்குத்தான் தங்கப்பதக்கம். வராதவளும் தோற்றவளும் விதிக்கு ஒன்றுதான்.

பஸ் ஓட்டும் அப்பா, அவளிடம் மூச்சு விடாமல், போட்டிருந்த காக்கிச் சட்டையோடு கல்லூரி முதல்வரைப் பார்க்கப் போனார்.

“அவ அம்மா போற நாளு எங்க கையிலயா சார் இருந்துச்சு?”

முதல்வர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். “உட்காருங்க. எனக்கும் மனசு கேக்கலைங்க. ஒருத்தருக்காக விதிய வளைச்சா, நாளைக்கு யாருக்கும் என்னால பதில் சொல்ல முடியாது.”

பட்டமளிப்பு விழாவில் பதக்கம் அவளுடைய உயிர்த்தோழிக்குப் போனது. முதலில் கை தட்டியவர் அப்பாதான். தோழி மேடையிலிருந்து இறங்கி நேரே அவளிடம் ஓடி வந்தாள்.

“இது உன்னோடதுடி,” என்று கழுத்திலிருந்து கழற்றப் போனாள்.

“லூசு மாதிரி பேசாத. நீ படிச்ச, நீ வாங்கின. போட்டுக்கோ, நல்லாத்தான் இருக்கு,” என்று சிரித்துக்கொண்டே கையைத் தடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. அப்பா போட்டு வைத்த சோறு தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

“பதக்கம் போச்சேன்னு இருக்காம்மா?”

“அது இல்லப்பா.” தலையை நிமிர்த்தவில்லை. “அவ பேரக் கூப்பிட்டப்ப, அம்மா ஒரே ஒரு நாள் தள்ளிப் போயிருக்கக் கூடாதான்னு தோணிடுச்சு. நானெல்லாம் ஒரு பொண்ணாப்பா?”

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சொன்னார்.

“கை தட்டும்போது எனக்கும் அதேதாம்மா தோணுச்சு.”

அவள் தட்டைத் தள்ளிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அம்மா இறந்த அன்று சொந்தக்காரர்களைக் கவனிப்பதிலேயே பொழுது போய்விட்டது. இருவரும் சேர்ந்து அழுதது இப்போதுதான். மேற்படிப்புக்கு இடம் கிடைத்தும், இன்னொரு பரிசு மேடையைப் பார்க்க மனமில்லாமல் அவள் போகவில்லை; உள்ளூர்ப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்துவிட்டாள். ஏன் என்று அப்பா கேட்கவும் இல்லை.