மனு பார்க்க வந்த மகள்

ஜெயிலில் நம்மைப் பார்க்க ஆள் வந்தால் அதற்கு மனு என்று பெயர். என் மகள் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து என் தம்பியோடு மனுவுக்கு வருவாள். நான் உள்ளே வந்ததிலிருந்து அவள் அவனோடுதான் இருக்கிறாள். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பரண்மேல் கஞ்சாப் பொட்டலங்களை வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் ஓடிவிட்டார். போலீஸ் கையில் கிடைத்தது நான். முதலில் அழுதுகொண்டே கிடந்தேன். பிறகு அதுவும் நின்றுபோனது. சோறு போட்டால் தின்பேன், பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்பேன், அவ்வளவுதான்.

மனு அறையில் இரண்டு கம்பி வலைகள், நடுவில் ஓர் ஆள் நடக்கிற இடைவெளி. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவோம், சந்தைக்கடை தோற்றுவிடும். ரகசியம் பேச வந்தவர்கள் பேசாமலே திரும்ப வேண்டியதுதான்.

அன்று தம்பி, ஜாமீன் மறுபடியும் தள்ளிப்போனதாகக் கத்திச் சொன்னான். கேட்டுக்கொண்டேன். மகள் துப்பட்டாவை முறுக்கிக்கொண்டு நின்றாள். பரீட்சையா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். இத்தனை பஸ் மாறி வந்து பொம்மை மாதிரி நிற்கிறாளே என்று எரிச்சலாக இருந்தது. மாமாவைப் போகச் சொல் என்று கண்ணால் ஜாடை காட்டினாள். அவனைத் தள்ளி நிற்கச் சொன்னேன். அதற்குள் மனு நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. சத்தம் சட்டென்று அடங்கிய நேரம் பார்த்து அவள் கத்திவிட்டாள்.

“ம்மா, நான் வயசுக்கு வந்துட்டேன்.”

அறையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எங்கள் தெருவில் பெண் பெரியவளானால் அத்தையும் அக்கம்பக்கத்துச் சுமங்கலிகளும் மஞ்சள் கரைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளுக்கு நானே போய் ஊற்றியிருக்கிறேன். வலிக்கிறதா, துணி இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. பழக்க தோஷம், வாயில் அதுதான் வந்தது.

“யாரு தண்ணி ஊத்துனது?”

வார்டர் அம்மா என் தோளைத் தட்டி நகரச் சொன்னார். மகள் வலையைப் பிடித்துக்கொண்டாள்.

“பக்கத்து ஊட்ல சொன்னேன், யாரும் வர்லம்மா. மாமா வேலைக்குப் போனப்புறம் நானே ஊத்திக்கினேன்.”

சரி என்று தலையாட்டிவிட்டு, உள்ளே திரும்புகிறவர்கள் வரிசையில் போய் நின்றுகொண்டேன்.