அந்தோனியாருக்கு நேர்ந்த காளை

பால் பண்ணையில் வேண்டாமென்று கழித்த ஆண் கன்று அது. என் மனுசன் அதைக் காரின் பின்சீற்றில் சாக்கு விரித்து ஏற்றிக்கொண்டு வந்து நின்றபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"பிளாக்டவுனில மாட்டிறைச்சிக்கு என்ன பஞ்சமே?"

"கடை இறைச்சியில ஒரு ருசி இருக்கோ? எங்கட கையால வளர்த்துத் தின்னுவம்."

நாங்கள் குடியேறிய அந்த நகரத்துக்கு வெளியே என் தம்பியின் காணியில் வேலியடித்து விட்டார்கள். வேலை முடிந்தால் மனுசன் பால் போத்திலோடு அங்கேதான். எனக்கு ஒருநாளும் தேத்தண்ணி ஊற்றித் தராதவர், கன்றின் பால் சுடுகிறதா என்று புறங்கையில் விட்டுப் பார்த்தார்!

கன்று புல்லுக்கு மாறிய காலத்தில் அவருக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. ஈரலில் புற்றுநோய், பரவியும் விட்டது. டொக்டர் மருந்துகளை விளக்க விளக்க, நான் மனதுக்குள் அந்தோனியாரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தேன். இவரை எழுப்பித் தாரும். உம்முடைய திருநாளுக்கு வாற சனத்துக்கு இந்தக் காளையைச் சமைச்சுப் போடுறன். எங்கட சட்டியில ஒரு துண்டும் விழாது.

பிறந்த ஊரான மன்னாரில் எங்கள் ஆட்கள் இப்படித்தான் நேர்வார்கள். நேர்ந்ததில் வீட்டார் வாய் வைத்தால் நேர்த்தி முறிந்தது. ஆனால் தின்பதற்கென்றே ஒருவர் வளர்க்கிற மாட்டை, அவரையே கேட்காமல் நேர்ந்த விசரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சொன்னபோது அவர் சிரித்தார்.

"நல்ல ஆள்தான்! என்ர மாட்டை வச்சே என்னைப் பிணை எடுக்கிறீர்."

காளை கொழுத்தது. அவர் வற்றிப்போனார். காரில் கூட்டிக்கொண்டு போய் வேலியோரம் கதிரை போட்டு இருத்துவேன். காளை வந்து அவர் கையை நக்கும்.

"இப்ப வெட்டினா நல்ல பதம். விலா எலும்பில ஒரு குழம்பு, இஞ்சேரும், ஒரு வாய்."

"பேசாம இருங்கோ. அது அந்தோனியாரின்ர."

போகிற ஒவ்வொரு முறையும் கேட்பார். நான் மாட்டேன் என்றதும் அவர் முகம் தெளிந்துவிடும். அது ஏனென்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஒருநாள் அவர் மயக்கத்தில் கிடந்தபோது, இனி மருந்தால் பலனில்லை, நிறுத்துவோம் என்று டொக்டர் என்னிடம் சொன்னார். அவருக்கு நானே சொல்கிறேன் என்றேன். சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தோனியார் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். நீர் தரேல்லை, நானும் தரமாட்டன், போம்! காணிக்கே லொறியோடு வந்து மாடு வெட்டித் தருகிற வெள்ளைக்காரனுக்குப் போன் எடுத்தேன். ஆசைப்பட்டதையாவது அவர் தின்னட்டும்.

இறைச்சி வந்த அன்று குசினியில் அழுதழுது சமைத்தேன். மிளகு தூக்கலாக, அவருக்குப் பிடித்த மாதிரி, விலா எலும்புக் குழம்பு. கட்டிலில் தலையணை முட்டுக்கொடுத்து அவரை இருத்தி, கோப்பையை மடியில் வைத்தேன்.

"எங்கட காளையோ?"

"ஓம்."

கோப்பையைப் பார்த்தபடியே இருந்தார். குழம்பு ஆறிப்போனது.

"எத்தனை தரம் கேட்டாலும் நீர் தரமாட்டீர் எண்டல்லோ நினைச்சனான்," என்றார். டொக்டர் சொன்னதை நான் சொல்லாமலே அந்தக் கோப்பை சொல்லிவிட்டது.

பிறகு, எனக்காக, ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார்.