சுப்பையாவின் குரலும் தேர் வடமும்

இலங்கை மலைநாட்டுப் பதுளையில் துணிக்கடை போட்ட புதிதில், இந்த ஊர்ச் சிங்கள மக்களின் பக்தியைக் கண்டு வியந்துபோனேன். துணியை அளந்து கொடுத்தால் "ஹரி", மழை வரும் போலிருக்கிறது என்றாலும் "ஹரி, ஹரி". வெலிமடையிலிருந்து காய்கறி கொண்டுவரும் பண்டாவுக்கு ஒருநாள் நானும் கைகூப்பி "ஹரி ஓம்" என்றேன். சரக்கில் குறையோ என்று அவர் மிரண்டுபோய் மூட்டையை மறுபடி அவிழ்த்துக் காட்டினார். 'சரி' என்பதற்குத்தான் அந்தச் சொல் என்று பிறகு தெரிந்தது.

அதைவிடப் புதுமை, இங்குள்ள கோயில் சபை. இராமநாதபுரத்துப் பக்கம் எங்கள் கிராமத்தில் ஊர்த் தலைவரான அம்பலகாரர் சொன்னால் சொன்னதுதான். அவருக்குப் பின் அவர் மகன். இங்கேயோ கடைக்காரர்களும் தேயிலைத் தோட்டத்து ஆட்களும் ஒன்றாக உட்கார்ந்து, ஆண்டுக்கொரு முறை கை தூக்கித் தலைவரைத் தேர்ந்தெடுத்தோம். முதன்முதலில் கை தூக்கிய அன்று, நான் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டதுபோல் இருந்தது.

மறு ஆண்டு அதே கையை அரிசிக்கடை சுப்பையாவுக்காகத் தூக்கினேன். வெண்கலக் குரல் அவருக்கு. "நம்ம கோயில் நம்ம கையில இல்லீங்க! தோட்டத்து ஆளுங்க கூட்டம் போட்டுக் கெடுக்குறாங்க. என்கிட்ட விடுங்க, ஒரே வருஷத்துல சரி பண்ணிக் காட்டுறேன்!" என்று முழங்கினார். அன்று தோட்டங்களில் லீவு கிடைக்காததால் அவர்களில் வந்தவர்கள் நாலைந்து பேர்தான். நாங்கள் ஆர்ப்பரித்தோம்.

முதலில் தோட்டத்தாருக்குக் கை தூக்கும் உரிமை போயிற்று. ஏன் என்று கேட்ட பாத்திரக்கடைக்காரர் 'கோயில் துரோகி' ஆனார். கடைசியில், "இனிமே யாருமே கை தூக்க வேணாம். என் குரல்தான் உங்க குரல்," என்றார் சுப்பையா. எனக்கு உள்ளூர உறுத்தியது. ஆனாலும் பக்கத்தில் இருந்தவர் தட்டியதால் நானும் கை தட்டினேன்.

தேர்த் திருவிழா வந்தது. தோட்டத்துச் சனம் வழக்கம்போல் மேளத்தோடு மலையிலிருந்து இறங்கி வந்தது. வடத்தருகே நின்றது, தொடவில்லை. கடைக்காரர்கள் மட்டும் தம் பிடித்து இழுத்தோம். தேர் அசையவில்லை. "இழுங்க! இழுங்க!" என்று சுப்பையா தொண்டை கிழியக் கத்தினார்.

கொழுந்து பறிக்கும் பொன்னம்மா இடுப்பில் கையூன்றி நிதானமாகக் கேட்டாள்: "ஏங்க தலைவரே, உங்க கொரலுதானே எல்லாருக்கும் கொரலு? அந்தக் கொரலே தேர இழுக்கட்டுமே."

பூசாரிதான் முதலில் சிரித்தார். பிறகு வீதியே சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்கும் துணிச்சல் வந்தது. "நான் கை தட்டினது தப்புங்க," என்றேன். "இங்கேயே, இப்பவே, எல்லாரையும் மறுபடி கேப்போம்."

கைகள் உயர்ந்தன. அதுவரை கை தூக்கியிராத பெண்களும் தூக்கினார்கள், இறக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பாத்திரக்கடைக்காரர் தலைவரானார், பொன்னம்மாவின் கணவர் துணைத் தலைவர். சுப்பையா முகம் சிவந்து ஒதுங்கி நின்றார். "வாங்கண்ணே, ஒரு ஆளு கொறையுது," என்று பொன்னம்மா கூப்பிட்டாள். தயங்கித் தயங்கி வந்து அவரும் வடத்தைப் பிடித்தார். தேர் நகர்ந்தது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். கண்மாய் மடையை என்றைக்குத் திறப்பது என்று அம்பலகாரர் அறிவித்துக்கொண்டிருந்தார். "எங்க ஊர்ல எல்லாரையும் கேட்டுத்தான் செய்வோம்," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். "எந்த ஊர்லடா?"

 காலெல்லாம் பிறந்த மண்ணின் புழுதி. தோளில் இன்னும் கழற்றாத பதுளைக் கம்பளிக் கோட்டு. உச்சி வெயிலில் வியர்க்க வியர்க்க நின்றுகொண்டிருந்தேன்.