முக்கால் ஆயர்

என் அத்தானை எங்கள் சபையில் எல்லாரும் முக்கால் ஆயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவள் நான். அவர் என் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அவரைக் கிண்டல் செய்யும் உரிமை எனக்கு உண்டு.

வாரத்தில் ஆறு நாள் குழாய் வேலை, ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அங்கி. எங்கள் ஆயருக்கு ஐந்து ஆலயங்கள் இருந்ததால் எங்களிடம் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனையை நடத்த அத்தானுக்குப் பேராயர் எழுத்தில் அனுமதி கொடுத்திருந்தார். ஜெபம் சொல்லலாம், பிரசங்கமும் செய்யலாம். நற்கருணைக்கு அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் அர்ப்பணிப்பது ஆயர் வேலை. ஆசீர்வாதமும் அப்படித்தான். புத்தகத்தில் ‘கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக’ என்று இருக்கும். ஆயர் கையை உயர்த்தி அதை அப்படியே சொல்வார். அத்தானோ கையைக் கட்டிக்கொண்டு, ‘உங்களை’ வருகிற இடத்தில் ‘நம்மை’ என்று சொல்ல வேண்டும். அவர் குருப்பட்டம் பெறாதவர், ஆசீர்வாதத்தை எங்களோடு சேர்ந்து வாங்கிக்கொள்கிற ஆள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் அதைத் தப்பாகச் சொன்னதில்லை.

ஆனால் அந்த ‘உங்களை’க்காக அவர் ஏங்கியது எனக்குத் தெரியும். வாலிபத்தில் குருவானவர் படிப்புக்கு மனுப் போட்டு, பள்ளிப் படிப்பு போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். காலையில் அவர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் ‘உங்களை, உங்களை’ என்று சொல்லிப் பார்ப்பது என் பக்கம் தெளிவாகக் கேட்கும். ஊரார் வீட்டு ஒழுகலையெல்லாம் அடைக்கிற மனுஷன் தன் வீட்டில் தண்ணீரை இப்படிக் கொட்டுகிறாரே என்று அக்கா பொரிந்து தள்ளுவாள். காரணம் அவளுக்கா தெரியாது? வேண்டுமென்றே தெரியாதவள் போல இருப்பாள்.

அக்காவுக்கு ஈரல் கெட்டுப்போனது. ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அந்த மாத முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், அடுத்த ஆலயத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்த ஆயர், அர்ப்பணித்த அப்பத்தையும் ரசத்தையும் கொஞ்சம் எடுத்து அத்தானிடம் கொடுத்தார். நோயாளிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க அவருக்கு அனுமதி உண்டு.

அத்தான் வீட்டுக்கு வந்து, மருந்துப் பாட்டில்களை ஒதுக்கி, முக்காலியில் வெள்ளைத் துணி விரித்தார். அக்காவால் விழுங்க முடியாததால் அப்பத்தில் ஒரு துணுக்கை ரசத்தில் நனைத்து அவள் நாக்கில் வைத்தார். அடுத்தது ஆசீர்வாதம். எனக்கு மனசு பொறுக்கவில்லை.

“அத்தான், இங்க நம்ம மூணு பேரைத் தவிர யாரு இருக்கா? ஒரே ஒரு தடவை உன்னைன்னு சொல்லுங்க. அவளுக்குத்தானே சொல்றீங்க.”

அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கட்டியிருந்த கை மெல்ல அவிழ்ந்து மேலே போனது. எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாத கை அது. “கடவுள் உன்...” என்று ஆரம்பித்தார்.

அக்கா அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். “நம்மைன்னே சொல்லுங்க. உன்னைன்னு சொன்னா நான் மட்டும் தனியாப் போற மாதிரி இருக்கு.”

அவர் கையை இறக்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ‘நம்மை’ என்று சொல்லி முடித்தார். அக்கா ஆமென் என்றாள். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் கோபமாக வந்தது. அடுப்படிக்குப் போய்க் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டு அழுதேன். வியாழக்கிழமை அவள் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு வீட்டில் இருங்கள் என்று எல்லாரும் சொல்லியும் கேட்காமல் அத்தான் அங்கியைப் போட்டுக்கொண்டு வந்தார். ஜெபம், வாசிப்பு எல்லாம் வழக்கம்போல நடந்தது. கடைசியில் “கடவுள்” என்றவர் அப்படியே நின்றுவிட்டார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தோம். வார்த்தை வரவேயில்லை. புத்தகத்தை மூடிவிட்டு இறங்கிப் போனார். பாவம், மறந்துவிட்டார் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் அவர் வீட்டுக் குளியலறையில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அக்கா இல்லாத குறைக்கு நானாவது திட்டலாம் என்று சுவரோரம் போனேன். தண்ணீருக்கு அடியில் அவர் குரல் திக்கித் திக்கி வந்தது. ‘நம்மை’ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.