உயராத மேசை

பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு வந்தாள் என் தங்கை ரங்காத்தாள். இளவயதில் கணவனை இழந்தும் மகனைப் படிக்க வைத்தாள். டாக்டரே உறுதி சொல்லாத கால்களைத் திரும்பப் பெற்றாள். இவற்றில் கடைசியாகச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். கூடவே இருந்து பார்த்தது அது.

செக்கிங்கில் நாளெல்லாம் நின்றுகொண்டே பனியனை மேசையில் விரித்துப் பார்க்க வேண்டும். பழுதான இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். சரிசெய்ய முடிந்தால் ஆல்டர், முடியாவிட்டால் ரிஜெக்ட்.

பகுதிக்குப் பொறுப்பானாலும் அவளும் நின்றுதான் பார்த்தாள். ஒரு நாள் சூப்பர்வைசர் இளங்கோவிடம் சண்டைக்குப் போனாள்.

"ஏனுங்க தம்பி, டேபிளை எதுக்கு ஒசத்துனீங்க? குனியாமயே மூஞ்சி இடிக்குது."

"அதே டேபிள்தானுங்க அக்கா. வயசாச்சுன்னு ஒத்துக்கோங்க."

"உங்க கண்ணுக்குத்தான் வயசாச்சு."

காலடியில் பலகை போட்டு நின்றாள். முதுகுவலிக்கு, வாயு என்று பூண்டு தின்றாள். ஐப்பசியில் ஒரு பண்டலைத் தூக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வாரம் கால்கள் மரத்தன. சுவரைப் பிடித்தும் நிற்க முடியவில்லை.

கோயம்புத்தூர் டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். எலும்பு வலுவிழந்து முதுகெலும்புக் கட்டைகள் நொறுங்கி அமுங்கி, ஆளே குட்டையாகியிருந்தாள். ஒரு துண்டு நரம்பை அழுத்தியது. ஆபரேஷன் செய்யலாம், ஆனால் மெத்தென்ற எலும்பில் திருகாணி பிடிக்காமல் போகலாம், சிமெண்டு விட்டு இறுக்க வேண்டும் என்றார்.

"அப்ப டேபிள் ஒசரலீங்களா?" என்றாள் ரங்காத்தாள். கொஞ்சம் கழித்து, "நான் ஆல்டருங்களா, ரிஜெக்டுங்களா?"

டாக்டருக்கு நான் விளக்கினேன். சிரித்துவிட்டார்.

"ஆல்டர்தாம்மா. ஆனா கால் முழுசா வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

சம்மதத்துக்குப் பெருவிரலில் மை தடவினார்கள்.

"நடந்து கம்பெனிக்குப் போனன்னா, அக்கா, இதுதான் கடைசி ரேகை."

வேண்டுதல் மாதிரிதான் சொன்னாள்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் வலது கால் கட்டைவிரல் அசைந்தது. அன்றுதான் நான் வயிறார உண்டேன். பிறகு இடுப்புப் பெல்ட்டும் எலும்புக்கு ஊசியுமாக மாதங்கள் போயின. படுக்கையில் அட்டையும் டெய்லர் சாக்பீஸுமாகப் பெயரை எழுதிப் பழகினாள்.

"இந்த 'ங்'கு ஆபரேஷனவிட மோசம்," என்பாள்.

வாக்கரைப் பிடித்தபடி கம்பெனிக்குள் நடந்தே போனாள். உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். சனிக்கிழமை சம்பளத்துக்கு இளங்கோ பழக்கத்தில் மைப்பெட்டியைத் தள்ளினார்.

"பேனாவக் குடுங்க தம்பி."

அன்று 2024 ஜூன் 15.