அருளப்பனின் காலி டியூப்

செய்தி வந்தபோது மாதவரம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். பிணவறை உதவியாளர் தாஸ் போனில் பேசினார். “சார், அருளப்பன் சார் பூட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவரு எயுந்துக்கவே இல்ல. ஆபீஸ்ல பேனர் அடிக்கச் சொல்லிக்கீறாங்க, அவரு போட்டோ உங்ககிட்ட கீதா?” ஆள் இறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் பேனர். போட்டோ இல்லை என்று சொல்லிவிட்டேன். இருந்தது. அந்தக் கூட்டத்தின் கையில் அதைக் கொடுக்க மனம் வரவில்லை.

அவரை உங்களில் பலருக்குத் தெரியும். ராயபுரத்துக்காரர், எங்கள் தடயவியல் மருத்துவத் துறை ஆய்வகத்தில் டெக்னீஷியன். தண்ணீரில் கிடைத்த உடல் என்றால் அவரிடம்தான் போகும். ஆறு, குளம், கடல் எதிலும் டயாட்டம் என்ற கண்ணுக்குத் தெரியாத பாசி உண்டு. உப்புத் தண்ணீரில் ஒரு வகை, நன்னீரில் வேறு வகை. உயிரோடு மூழ்குகிறவன் தண்ணீரை உள்ளே இழுக்கும்போது அது ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜைவரை போய்விடும். அந்த மஜ்ஜையை அமிலத்தில் கரைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எந்தத் தண்ணீரில் மூழ்கினான் என்று ஓரளவு சொல்லலாம். அருளப்பன் மஜ்ஜை போட்ட டியூப்போடு எதுவுமே போடாத காலி டியூப் ஒன்றையும் சேர்த்து வைப்பார். அதே அமிலம், அதே சூடு. முதலில் பார்ப்பதும் அதைத்தான். “நம்ம அழுக்கு எவ்ளோன்னு தெரிஞ்சாத்தான் டாக்டர், அடுத்தவன் கதையைச் சொல்ல முடியும்” என்பார். துறையில் அவருக்குப் பட்டப்பெயரே ‘காலி டியூப்’. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

தனலட்சுமி எர்ணாவூரில் இருப்பவர். தொழிற்சாலை வேலைக்குப் போன அவர் கணவர் இரண்டு நாள் கழித்து எண்ணூர் முகத்துவாரத்தில் மிதந்தார். குடித்துவிட்டுத் தவறி விழுந்தார் என்று போலீஸில் எழுதிவிட்டார்கள். உடல் அழுகியிருந்ததால் குடித்தாரா இல்லையா என்று எங்களாலும் சொல்ல முடியவில்லை. அந்தப் பெண் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தண்ணீரோடு ஆய்வகத்துக்கு வந்து நின்றார். “என் வூட்டுக்காரரு ஒரு சொட்டு வாயில வச்சதில்ல சார். கம்பெனி தொட்டில வியுந்துட்டாரு, தூக்கினு போய் ஆத்துல போட்டுட்டானுங்க. இது அந்தத் தொட்டித் தண்ணி. ‘குடிகாரன்’னு எயுதிக்கீறத மட்டும் மாத்திக் குடுங்க.” அருளப்பன் பாட்டிலைத் தொடவே இல்லை. “இதுல முன்னாடி இன்னா இருந்துச்சோ, யாரு மொண்டாங்களோ. இது ஆவாதும்மா” என்றார். அந்தப் பெண் அழுதுகொண்டே போனார். மறுநாள் அருளப்பன் இன்ஸ்பெக்டரை நச்சரித்துக் கூட்டிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போய், சுத்தமான பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்து அங்கேயே சீல் வைத்து வந்தார்.

சோதனை முடிந்த அன்று அவர் காலி டியூப்பைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் பொறுக்காமல் பக்கத்து மைக்ராஸ்கோப்பில் மஜ்ஜையைப் பார்த்தேன். தொட்டியில் இருந்த நன்னீர் வகைகள் மட்டும்தான். முகத்துவாரத்து உப்புத் தண்ணீர் வகை ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண் சொன்னது உண்மை என்று குதித்தேன். அருளப்பன் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “காலி டியூப்லயும் மூணு கீது டாக்டர்.” காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துவிட்டதென்று டியூப்களை, அதே நன்னீர்ப் பாசி இருக்கக்கூடிய குழாய்த் தண்ணீரில் அலசி வைத்தவன் நான்தான். மூன்றுதானே, விட்டுவிடலாம் என்றேன். “கோர்ட்டுல மொத கேள்வியிலயே பூடும். அந்தம்மா சொல்ற நெஜமும் கூடவே பூடும். பாதி எலும்பு ஃப்ரீசர்ல கீது, அடுத்த வாரம் மறுபடி செய்யலாம்” என்று நோட்டில் எழுதினார்: ‘காலி டியூப்: அழுக்கு. அலசியது: டாக்டர்.’

அந்த அடுத்த வாரம் வரவில்லை. ஃப்ரீசரைக் காலி செய்ய வேண்டுமென்று துறைத் தலைவர் பழைய மாதிரிகளின் பட்டியல் ஒன்றை என்னிடம் நீட்டினார். நடுவில் தனலட்சுமி கணவரின் எலும்பு எண்ணும் இருந்தது. “போலீஸே முடிச்ச கேசு, நமக்கு எதுக்குய்யா வம்பு? உங்க ப்ரமோஷன் ஃபைலும் என் மேசைமேலதான் இருக்கு” என்றார். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரில் டிக் அடித்துக் கீழே கையெழுத்தும் போட்டேன். எலும்பு போனது, ‘முடிவு கூற இயலவில்லை’ என்று அறிக்கையும் போனது. “லிஸ்ட்ல அந்த நம்பரைப் பாத்தீங்களா டாக்டர்?” என்று கேட்டார் அருளப்பன். கவனிக்கவில்லை என்றேன். அவர் என் முகத்தையே பார்த்திருந்துவிட்டு டியூப் கழுவப் போய்விட்டார்.

அடக்கத்தன்று கட்டிய பேனரில் செத்தவர் படத்தைவிடத் துறைத் தலைவர் படம் பெரிது. ‘அறிவியல் நேர்மையின் சிகரம்’ என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனிதர். கூட்டம் தலையாட்டியது. நானும் ஆட்டினேன், சீ.

தனலட்சுமி கல்லறைத் தோட்ட வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். “நான் போட்ட கேசுல ஒவ்வொரு வாய்தாவுக்கும் அண்ணன் கோர்ட்டுக்கு வந்து நின்னாரு சார். ‘டாக்டருக்குத் தெரியும், ஒரு நாள் சொல்லுவாரு’ன்னு சொல்லிகினே இருந்தாரு. நீயே சொல்லேன்ணேன்னா, ‘நான் சொன்னா அது யூகம்மா’ம்பாரு. இன்னா சார் தெரியும் உங்களுக்கு?”

“எலும்பைத் தூக்கிப் போடச் சொல்ற லிஸ்ட்ல உங்க வீட்டுக்காரர் நம்பரைப் பார்த்துட்டுத்தான்மா கையெழுத்துப் போட்டேன்.”

அவர் திட்டவில்லை. “இத எயுதிக் குடுப்பீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

எழுதி, அவருடைய வக்கீலிடம் கொடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எலும்பு திரும்பி வராது. ‘குடிகாரன்’ என்ற சொல் போகுமா என்பதும் தெரியாது. பட்டியலைத் தட்டச்சு செய்தவர், ஃப்ரீசரைத் திறந்தவர், நீங்களும் இதைப் படிப்பீர்கள். அருளப்பனின் நோட்டு கோர்ட்டுக்குப் போகிறது. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது காலி டியூப்பை முதலில் பார்க்கும் அந்தப் பழக்கத்தைத்தான். பார்த்துவிட்டேன் அருளப்பன். அழுக்கு இருக்கிறது. அலசியது நான்.