மந்தாரக்குப்பத்தில் ஒரு குடுவை வெறும் தண்ணீர்

காலை 9.20. பண்ருட்டிப் பேருந்து மந்தாரக்குப்பத்தில் இறக்கிவிட்டது. அங்கிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். பையில் இருந்தவை: குறையுள்ள ஃபெரைட் வட்டுகள் ஆறு, அவற்றுக்குத் தூள் செய்துதரும் செல்வியக்காவின் பட்டறைக்கு இனி வேலை இல்லை என்ற கடிதம், அதில் கையெழுத்திட என் பேனா. மைக்ரோவேவ் கருவிகளில் அலையை ஒரே திசையில் திருப்பிவிடுவது இந்தக் காந்தப் பீங்கான் வட்டுகளின் வேலை. மூன்று தடவையாக அவை அலையை விழுங்கின. பழைய தூளைக் கலக்கிறார் என்று எங்கள் சென்னை அலுவலகம் முடிவுகட்டியிருந்தது.

9.45. அனல்மின் நிலையச் சாம்பலில் செங்கல் அடிக்கும் யார்டுக்கு அடுத்த ஷெட். தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. காற்று அசையவே இல்லை.

"வாங்க மேடம். பழசக் கலக்குறேன்னு எழுதிக்கினே வந்துட்டீங்களா? பேய் பூந்துகிச்சின்னு எழுதுங்க, அதாச்சும் புதுசா இருக்கும்" என்றார் செல்வியக்கா.

10.10. முதலிலிருந்து செய்துகாட்டச் சொன்னேன். நிக்கல், துத்தநாகம், இரும்பு உப்புகளின் கரைசலில் காரம் ஊற்றிச் சூடாக்கினார். கரும்பழுப்புச் சேறு திரண்டது. அதை ஆறு முறை கழுவ வேண்டும். தானாகப் படியவிட்டால் நாள்கணக்காகும். அவர் குடுவைக்கு அடியில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் தள்ளினார். சேறு உயிருள்ளதுபோல் சுருண்டு கீழே பதுங்கியது.

"மூடி போடமாட்டீங்களா அக்கா?"

"ஆறு தபா தொறந்து மூடணும் மேடம். யாரு பாக்குறது?"

11.00. இன்னொரு குடுவையில் காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டும் ஊற்றி, இன்னொரு காந்தத்தின்மேல் திறந்தே வைத்தேன். ஷெட்டைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார்.

பிற்பகல் 2.00. திறந்தோம். தெளிந்த தண்ணீருக்கு அடியில் கறுப்பாக ஒன்று முளைத்திருந்தது. எள்ளளவுதான். ஆனால் முள் முள்ளாக நிமிர்ந்திருந்தது. காந்தத்தை நகர்த்தினேன். அதுவும் நடந்து வந்தது.

"நான் ஒண்ணும் போடலீங்க. சாவி உங்ககிட்டதான இருந்துச்சு." கேலி போய்க் குரல் இறங்கியிருந்தது.

பக்கத்து யார்டுச் சாம்பலில் காந்தத்தில் ஒட்டும் இரும்புத் துகள்கள் உண்டு என்றேன். காற்றில் மிதந்து விழுவதைக் காந்தம் விடுவதில்லை.

"அப்போ இத்தினி நாளா கழுவிக் கழுவி அழுக்கையா சேத்துக்கினு இருந்தேன்?"

"ஆமாம் அக்கா."

குடுவையை என் பக்கம் தள்ளிவைத்தார். "நான் கலக்கலன்னு மொதல்ல எழுதுங்க. மூடி சமாச்சாரம் அப்புறம்."

3.30. அவர் சொன்ன வரிசையிலேயே அறிக்கை எழுதினேன். நான்காம் தடவை வேலையும் அவருக்கே.

4.15. திரும்பும் பேருந்து. சென்னையில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குள் காற்றை வடிகட்டித்தான் விடுகிறோம். அங்கே உட்கார்ந்துகொண்டு, தவறு என்றதும் ஒரு மனுஷியைத் தவிர வேறெதையும் சந்தேகிக்க எங்களுக்குத் தோன்றவில்லை.